யார் வீட்டுச் சத்திரம்?

'நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவருகிற சாலையோரக் கடை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், நம்ம பத்திரிகைக்காரர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. தாத்தா மாட்டுவண்டிக்காரர்களுக்குச் சோறு போட்டார், அப்பா லாரிக்காரர்களுக்குப் போட்டார், பேரன் கார்க்காரர்களுக்குப் போடுகிறார். அதே கைமணம், அதே கல்லாப்பெட்டி, சுவரில் அதே மாலை போட்ட படம். வழிப்போக்கனுக்குச் சோறிட்ட தமிழ்ப் பண்பாடு என்று முடிப்பார்கள். கட்டுரையை நாலு முறை புரட்டினாலும் ஒரு கேள்வி மட்டும் அதில் இருக்காது. அந்த வழியில் போன எல்லோருக்குமா இலை போட்டார்கள்? சேரியிலிருந்து வந்தவன் எங்கே உட்கார்ந்தான்? முதலில், உட்கார்ந்தானா?

கேட்டால் 'எதுக்குய்யா பழசைக் கிளறுறீங்க' என்பார்கள். கிளறியது நாமல்ல, அவர்கள்தான். பெருமையைத் தோண்டி எடுத்து நடுக்கூடத்தில் வைத்தவர்கள், கூடவே வருகிற நாற்றத்துக்கு நம்மைக் குற்றம் சொல்லக்கூடாது.

நான் இதைப் பேசுவதற்கு அமெரிக்கா வரை போகப்போகிறேன். அங்கே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், டாலர் கணக்கோடு தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. வங்கியில் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறவனுக்கு அது வசதி. (கவிதை எழுதுகிறவன் கணக்கு பேசலாமா என்று முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.)

அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்றொரு நகரம். அங்கே மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் 'ஆலீஸ் பார்பிக்யூ' என்று ஒரு சாப்பாட்டுக் கடை. மெக்ளங் குடும்பத்தின் சொத்து. 1927-இல் தொடங்கியது. சுட்ட இறைச்சியும் வீட்டுப் பக்குவத்தில் செய்த பணியாரமும் பிரசித்தம். 220 பேர் உட்காரலாம். நம்ம பத்திரிகைக்காரர்கள் போயிருந்தால் உருகிப்போயிருப்பார்கள். அந்தக் கடையில் 36 பேர் வேலை செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். ஆனால் திறந்த நாளிலிருந்து ஒரு கறுப்பரையும் உள்ளே உட்காரவைத்துப் பரிமாறியது கிடையாது. வேண்டுமானால் பொட்டலம் கட்டித் தருவார்கள். வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுப்படியில் கறுப்பன் கை படலாம். இறைச்சியைப் புரட்டுகிற கை, மாவு பிசைகிற கை, தட்டு கழுவுகிற கை எல்லாம் அவனுடையதாக இருக்கலாம். அதே கைக்காரன் அந்தத் தட்டின் முன்னால் உட்காரக்கூடாது. நம்ம ஊரில் அடுப்படிப் பக்கமே விடமாட்டார்கள், அந்த வகையில் இவர்கள் அவர்களைவிடச் சுத்தக்காரர்கள்! மற்றபடி பொட்டலம் என்பது நமக்குத் தெரியாத சரக்கா? தேங்காய்ச் சிரட்டை போய், தனிக் குவளை வந்து, குவளைக்கு வழக்குப் போட ஆரம்பித்ததும் 'சுகாதாரம்' என்று சொல்லிக் காகிதக் கப் வந்திருக்கிறது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குக் காகிதக் கப். கேட்டால், 'உங்களுக்குப் புதுசுல குடுக்கிறோமேப்பா.'

1964 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்கக் குடிஉரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதி, உணவகம் முதலிய இடங்களில் நிறம் பார்த்துத் தள்ளக்கூடாது என்றது. மெக்ளங் குடும்பம் வழக்குப் போட்டது. எங்கள் கடை, எங்கள் அப்பன் பாட்டன் கடை, உள்ளூர்க் கடை, இதில் மத்திய அரசுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். அதே நாட்களில் அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் முதலாளி, மோர்ட்டன் ரோலஸ்டன் என்பவர், தானே வழக்கறிஞராக நின்று வாதாடினார். அவர் வைத்த வாதங்களில் ஒன்றை நீங்கள் நம்பமாட்டீர்கள். கறுப்பருக்கு அறை கொடுக்கச் சொல்லித் தன்னைக் கட்டாயப்படுத்துவது, அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்துக்கு விரோதமாம்! அதாவது தன்னை அடிமையாக்குகிறார்களாம். கறுப்பனை விடுவிக்க எழுதிய சட்ட வரியை எடுத்து, கறுப்பனை வாசலில் நிறுத்த ஒரு வெள்ளைக்காரன் கேடயமாகப் பிடிக்கிறான். இட ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது 'நாங்கள்தான் இப்போது ஒடுக்கப்பட்டவர்கள்' என்று சொல்கிறவர்களின் முன்னோடி இவர்தான். அட்லாண்டாவிலேயே லெஸ்டர் மாடக்ஸ் என்று இன்னொருவர், மனைவி பிள்ளைகளோடு நடத்திய கடையின் வாசலில் கோடரிக் காம்போடும் துப்பாக்கியோடும் நின்று கறுப்பு மாணவர்களை விரட்டினார். கறுப்பரை உள்ளே விடுவதற்குப் பதில் கடையையே மூடினார். அந்தத் தியாகத்துக்குப் பரிசாக 1967-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநர் ஆனார்.

1964 டிசம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆலீஸ் கடை, அட்லாண்டா மோட்டல் இரண்டு வழக்கிலும் முதலாளிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மகிழ்ச்சிதான். ஆனால் எப்படிச் சொன்னது என்று பார்க்க வேண்டும். ஆலீஸ் கடை முந்தைய 12 மாதத்தில் வாங்கிய உணவுப் பொருள் சுமார் 1,50,000 டாலர். அதில் 69,683 டாலருக்கு இறைச்சி. அந்த இறைச்சி வெளி மாநிலத்திலிருந்து வந்தது. ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தொடுகிறது, ஆகவே மத்தியச் சட்டம் செல்லும். மனிதனை மனிதன் வாசலில் நிறுத்தக்கூடாது என்பதற்காக அல்ல, இறைச்சி எல்லை தாண்டி வந்ததற்காக! செத்த விலங்கு வாங்கித் தந்த உரிமையில் உயிருள்ள மனிதன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நம் அரசியல் சட்டம் இந்தச் சுற்றுவழியே போகவில்லை. 1950-லேயே 15-ஆவது பிரிவில் கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி எழுதிவிட்டது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்திலும் சத்திரத்திலும் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையைக்கூடத் தனியாகக் குறிப்பிட்டது. பாத்திரம் வரைக்கும் யோசித்த சட்டம் உலகத்தில் வேறு எங்கே உண்டு? இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நாட்டில்தான் காகிதக் கப்பும் நடக்கிறது.

சரி, உள்ளே விடாத காலத்தில் கறுப்பர்கள் பயணமே போகவில்லையா? போனார்கள். காரின் பின்பெட்டியில் சோறு, தண்ணீர், பெட்ரோல் டின், அவசரத்துக்கு ஒண்ணுக்குப் போக ஒரு பழைய டப்பா. இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டிய ஊர்கள் எவை என்கிற மனக்கணக்கு. நியூயார்க் ஹார்லெமில் விக்டர் கிரீன் என்று ஒரு தபால்காரர் இருந்தார். எந்த ஊரில் எந்தக் கடை, எந்த வீடு கறுப்பருக்குக் கதவு திறக்கும் என்று விலாசம் திரட்டி 1936-இல் ஒரு கையேடு போட்டார். விலாசத்தின் அருமை தபால்காரருக்குத்தானே தெரியும்! 1960-இல் அவர் இறந்தபின் மனைவி அல்மா தொடர்ந்தார். நம்மிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்ததில்லை. நம்ம பாட்டிகளின் வாய்தான் புத்தகம்: 'அந்த ஊர்ல தண்ணி கேக்காதடா, இந்த ஊர்ல செருப்பைக் கழட்டிக்க.'

அந்தக் கையேட்டில் இடம்பெற்ற விடுதிகளில் ஒன்று மெம்பிஸ் நகரத்து லொரெய்ன். நான் சொல்லவந்த குடும்பக் கதை இதுதான்.

மல்பெரி தெருவில் 1920-களில் கட்டிய சின்ன ஓட்டல் அது. வெள்ளையருக்கானது. 1945-இல் வால்டர் பெய்லி என்ற கறுப்பர் அதை வாங்கினார். மனைவி பெயர் லோரி. அவர் பெயரையும் அந்நாளில் புகழ்பெற்ற ஒரு பாட்டின் பெயரையும் சேர்த்து 'லொரெய்ன்' என்று வைத்தார். பிறகு அறைகளைக் கூட்டினார்கள், கார் நிறுத்த இடம் விட்டார்கள், நீச்சல் குளம் கட்டினார்கள், ஓட்டல் மோட்டல் ஆயிற்று. நகரத்துப் பெரிய மேடையில் வெள்ளைக்காரர்கள் கைதட்டக் கேட்டுவிட்டு, ராத்திரி படுக்க அறை கொடுக்க மறுத்த பாட்டுக்காரர்கள் எல்லாம் இங்கேதான் வந்து தங்கினார்கள். கவுண்ட் பேசி, நாட் கிங் கோல், அரேதா ஃபிராங்க்ளின், ஓடிஸ் ரெட்டிங். வில்சன் பிக்கெட்டும் ஸ்டீவ் க்ராப்பரும் 1965-இல் இங்கே ஓர் அறையில் உட்கார்ந்துதான் தங்கள் மிகப் புகழ்பெற்ற பாட்டை எழுதினார்கள். முன்னவர் கறுப்பர், பின்னவர் வெள்ளையர். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார மெம்பிஸில் ஒரு கூரை தேவைப்பட்டபோது, அந்தக் கூரையைக் கொடுத்தது கறுப்புக் குடும்பம். வெள்ளையரை வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. பொட்டலமும் கட்டவில்லை.

விருந்தோம்பல் என்று எழுதவேண்டுமானால் இதை எழுதுங்கய்யா.

அம்பேத்கர் 1917-இல் பரோடா மன்னரிடம் வேலை பார்க்கப் போனபோது ஊரில் ஒருவரும் அறை தரவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளைக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் ஒண்டினார். பதினோராம் நாள் தடியோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் பொதுப் பூங்காவில் உட்கார்ந்து இரவு ரயிலுக்குக் காத்திருந்தார். பரோடாவில் ஒரு லொரெய்ன் இல்லை. வைத்து நடத்த நம்மில் யாரிடமும் முதல் இல்லை, இடம் வாங்க விட்டிருக்கவும் மாட்டார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் ஏன் மெம்பிஸ் போனார் என்பது நம்மவர்களுக்கே சரியாகத் தெரியாது. துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போனார். 1968 பிப்ரவரி 1-ஆம் தேதி நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு குப்பை அள்ளும் தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பக்கத்துக்குள் ஏறி நின்றார்கள். வெள்ளையர் வீட்டுத் தாழ்வாரத்தில் இவர்கள் ஒதுங்குவது குடியிருப்பவர்களுக்குப் பிடிக்காது, புகார் போகும். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடியது. இரண்டு பேரையும் அது குப்பையோடு குப்பையாக நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12-இல் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நானும் மனிதன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மழைக்கு ஒதுங்க ஒரு திண்ணை கிடைத்திருந்தால் அந்த இரண்டு பேரும் செத்திருக்கமாட்டார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிற நம் பிள்ளைகளின் கணக்கை எழுதுகிற கையால் இதை எழுதும்போது வேறொரு நாட்டுக் கதையாக எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 28 ஊர்வலத்தில் கலவரம் வெடித்தபோது கிங்கை அவசரமாக ஒரு ஹாலிடே இன் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே எஃப்.பி.ஐ. ஒரு குறிப்புத் தயாரித்தது: கறுப்பர் நடத்தும் லொரெய்ன் இருக்க, இவர் வெள்ளையர் விடுதியில் போய்ச் சொகுசாகத் தங்கினார் என்று செய்தித்தாள்களுக்குக் கொடுக்க. எந்தக் கூரையின் கீழ் ஒருவன் படுக்கிறான் என்பதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பது நம் தோழர்களைவிட உளவுத்துறைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3-இல் கிங் திரும்பி வந்து லொரெய்னில் 306-ஆம் அறையில் தங்கினார். அது அவர் முன்பே பலமுறை தங்கிய அறை. மறுநாள் மதியம் அவரும் அபர்னாதியும் பொரித்த கெளுத்தி மீனை ஒரே தட்டில் பகிர்ந்து தின்றார்கள். மாலை 6 மணி 1 நிமிடத்துக்குப் பால்கனியில் நின்றவரை எதிர்ப்பக்கத்துக் கட்டடத்திலிருந்து சுட்டான் ஜேம்ஸ் ஏர்ல் ரே. அந்தக் கட்டடமும் ஒரு தங்கும் விடுதிதான். பொய்ப் பெயர் சொல்லி, வாரத்துக்கு எட்டரை டாலர் வாடகை கொடுத்து உள்ளே போயிருந்தான். சிறையிலிருந்து தப்பி வந்தவன். வெள்ளைத்தோல், அறை கிடைத்தது, யாரும் தடியோடு வரவில்லை.

பால்கனியில் நின்று எல்லோரும் ஒரே திசையில் கை நீட்டும் அந்தப் புகைப்படம் நமக்குப் பழக்கம். நம் இதழ்களில் போடுகிறோம், சுவரொட்டியில் போடுகிறோம். லோரி பெய்லியின் படத்தை எங்கேயாவது போட்டிருக்கிறோமா? விடுதியின் தொலைபேசி இணைப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டவர் அவர். இருபத்து மூன்று வருஷம் அந்த வீட்டை நடத்தியவர். சுட்ட சில மணி நேரத்துக்குள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்தார். ஏப்ரல் 9-ஆம் தேதி, கிங்கை அடக்கம் செய்த அதே நாளில், செத்துப்போனார். வரலாறு தலைவரின் சாவை எழுதி வைத்துக்கொண்டது. சோறு போட்டவளின் சாவை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்க அதற்கு மனசில்லை. இதை வெள்ளையர் வரலாறு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. நம்ம இயக்க வரலாறுகளிலும் மாநாட்டுக்கு வந்தவர் பெயர் இருக்கும், ராத்திரி முழுக்க உலை வைத்தவள் பெயர் இருக்காது.

வால்டர் பெய்லி 306-ஐ அதற்குப் பிறகு வாடகைக்கு விடவில்லை. நினைவிடமாக வைத்துக்கொண்டார். மீதி அறைகளுக்கு ஆள் குறைந்துபோயிற்று. சட்டம் வந்ததும் கறுப்புப் பயணிகளுக்குப் பெரிய கம்பெனி விடுதிகள் திறந்துவிட்டன. கையில் காசுள்ளவர் அங்கே போனார். போக வேண்டியதுதான், அதற்காகத்தானே அடிபட்டார்கள். ஆனால் வெள்ளையர் ஒருவரும் திரும்பி லொரெய்ன் பக்கம் வந்துவிடவில்லை. சமத்துவம் ஒருவழிப் பாதையாக ஓடியது. ஹாலிடே இன் பிறந்ததும் இதே மெம்பிஸில்தான், 1952-இல், கெம்மன்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரரால். குடும்பத்தோடு போன பயணத்தில் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்டார்களே என்ற எரிச்சலில் தொடங்கினாராம். அவர் எரிச்சலுக்கு வங்கி கடன் கொடுத்தது, நாடு முழுக்கக் கிளை விரிந்தது. பெய்லி குடும்பம் பட்டது எரிச்சல் அல்ல, அவமானம். அவமானத்தை ஜாமீனாக எந்த வங்கியும் ஏற்பதில்லை. 1982-இல் லொரெய்ன் கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தில் 1,44,000 டாலருக்கு எடுத்தது கிங் பெயரால் அமைந்த ஒரு நினைவு அறக்கட்டளை. கடைசி நேரத்தில் பணம் புரட்டித் தந்தவர்களில் அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கமும், மெம்பிஸ் கறுப்பர்கள் தாங்களே நடத்திய ட்ரை-ஸ்டேட் வங்கியும் உண்டு. குப்பை அள்ளியவர்களின் சந்தா, கறுப்பர் வங்கியின் கடன். இதைப் படித்தபோது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. 1988-இல் விடுதியை மூடினார்கள். அவ்வருஷமே வால்டர் பெய்லியும் இறந்தார். 1991-இல் அருங்காட்சியகம் திறந்தது.

மூடும்போது அங்கே குடியிருந்த ஜாக்குலின் ஸ்மித் என்ற பெண்ணைக் கட்டாயமாக வெளியேற்றினார்கள். 1973-லிருந்து அங்கே இருந்தவர். எதிர்ப்பக்க நடைபாதையில் மேசை போட்டு உட்கார்ந்தவர் பல பத்தாண்டுகள் எழுந்திருக்கவில்லை. ஏழைகளுக்காகச் செத்தவரின் பெயரால் ஏழையைத் துரத்திவிட்டுக் கண்ணாடிப் பெட்டி வைக்கிறீர்களே, இதை வீடாக்கு, மருத்துவமனையாக்கு என்பது அவர் வழக்கு. அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நமக்கென்று ஒன்று இல்லாததன் வலி எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா கேட்டதற்கு இன்னும் யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

இப்போது நம்ம தோழர்களிடம் ஒரு சண்டை. 'டீக்கடை நுழைவு' போராட்டம் நடத்துகிறோம். நடத்த வேண்டும், எல்லாக் குவளையும் உடைய வேண்டும். ஆனால் 'நாமே கடை வைப்போம்' என்று யாராவது பேசினால் அது பூர்ஷ்வாத்தனம், தனிமைப்படுதல், சாதி ஒழிப்புக்கு விரோதம் என்று பாய்கிறார்கள். நெடுஞ்சாலையெல்லாம் நாலுவழியாகி, ஓரத்தில் இருந்த நிலமெல்லாம் விலை ஏறி, அடுத்த 'நாலு தலைமுறை'க் கடைகளுக்கு இன்றைக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். 1892-க்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் என்று கேட்கிற நாம், அந்தச் சாலையோரத்தில் நம் கல்லாப்பெட்டி எங்கே என்று ஏன் கேட்கக்கூடாது? லொரெய்ன் தனிமைப்பட்டதா? அந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்த அறை அங்கேதானே இருந்தது?

2016-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் குறைந்தது ஒருவருக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும், புதுத் தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்று. ஊர்ப் பக்கம் ஒரு கிளையில் அந்தச் சமயத்தில் எங்கள் ஆள் ஒருவர், லாரி ஓட்டியவர், பைபாஸ் ரோட்டில் சாப்பாட்டுக் கடையும் லாரிக்காரர்கள் படுக்க ஒரு கொட்டகையும் போட மனுக் கொடுத்தார். பட்டா இருந்தது, கணக்குப் போட்ட தாள் இருந்தது. அதிகாரி கேட்ட கேள்வி ஒன்றுதான்.

'யாருய்யா வந்து சாப்பிடுவாங்க?'

'ரோட்டுல போறவங்க எல்லாரும் சார்.'

'அது சரி. ஊர்க்காரங்க வருவாங்களா?'

வாடிக்கையாளர் வாய்ப்புக் குறைவு என்று கோப்பில் எழுதப்பட்டது. சாதி என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் கிடையாது, அவ்வளவு சுத்தமான தமிழ்.

அவர் தண்டலுக்கு வாங்கிக் கடையைப் போட்டார். நாலு பெஞ்சு, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள், பின்னால் கீற்றுக் கொட்டகையில் ஆறு கயிற்றுக் கட்டில். மனைவி அடுப்பில், மகள் கல்லாவில். ஊர்க்காரர்கள் இதுவரை ஒருவரும் உள்ளே வந்து உட்காரவில்லை. மாலையானால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, நம்பர் பலகைகள் எல்லாம் வெளி மாநிலம்.